நாலு இலை

கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட ஒரு வீட்டில்
எனக்கு மூன்று நாள் வேலை.
ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் சொல்ல வேண்டும்.
தினக்கூலி, மத்தியானச் சாப்பாடு,
காரைக்குடிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அனுமதி.

அக்கம்பக்கத்து நாட்டு கன்சர்வேடிவ்கள்
கூடிப் பேசப்போகிறார்கள்.
பேனருக்குப் 'பழமைவாதிகள்' என்று எழுதிக் கொடுத்தேன்.
வீட்டுப் பங்காளிகளில் ஒருவரான அடைக்கப்பன்
முகத்தைச் சுளித்தார்:
'வையிற மாதிரியில்ல இருக்கு.
மரபு காப்போர்னு போடுங்க தம்பி.'
போட்டேன்.
எந்த மரபு என்று போட
துணியில் இடமில்லை.

முதல் சிக்கல் அடுப்படியில்.
யாருக்கு என்ன ஆகாது என்று கேட்டாள்
சமையல் சிகப்பி.
டெல்லிக்காரருக்கு வெங்காயம்கூட ஆகாது.
காத்மாண்டுக்காரர் எருமை தின்பார், பசுவைக் கும்பிடுவார்,
ராஜா திரும்பி வரும்வரை சனிக்கிழமை ஒருபொழுது.
கொழும்புக்காரர் பௌர்ணமிக்கு மட்டும் மீன் தொடார்.
ரங்கூன்காரருக்கும் மாடு ஆகாது.
சாமி என்பதால் இல்லையாம்,
உழுத கடனாம்.
சிகப்பி உப்புக்கண்டத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.
'நாலு இலை போட்டாச்சு,
இந்த ஊருப் பழமைய எதுல வைக்க?'

கூட்டத்தில் டெல்லிக்காரர்
துறைமுகத்தைத் தனியாருக்குக் கொடுப்பதே தேசபக்தி என்றார்.
கொழும்புக்காரர் எழுந்தேவிட்டார்:
அங்கே ஒரு கல்லைக் கொடுத்தாலும் துரோகி,
ரேஷன் அரிசியில் கைவைத்தால் தொலைந்தான்.
காத்மாண்டுக்காரருக்குத் துறைமுகமே கிடையாது.
எல்லையை மூட வேண்டும் என்றார்,
டெல்லிக்காரரைப் பார்க்காமல்.
நான் எல்லாப் பேச்சையும்
'காக்க வேண்டும்' என்றே முடித்தேன்.
வினைச்சொல் ஒன்றுதான்.
செயப்படுபொருள்தான்
ஊருக்கு ஊர்.

ரங்கூன்காரர் தெய்ன் ஸா
கூட்டத்தில் அதிகம் பேசவில்லை.
சாயங்காலம் முகப்பில் நின்று
ஒரு தேக்குத்தூணை இரண்டு கையாலும் கட்டிப் பார்த்தார்.
விரல்கள் எட்டவில்லை.
'எங்கள் காடு' என்றார்.
கொஞ்சம் கழித்து:
'என் பாட்டனின் பதினெட்டு ஏக்கர் நெல்வயல்
இப்படி ஒரு வீட்டின் பேரேட்டில்தான் போய் முடிந்தது.
எங்கள் அரசியல் தொடங்கியதே
இவர்களைக் கப்பலேற்றத்தான்.'
'இவர்களை' என்பதற்கு
அங்கே வழங்கும் ஒரு சொல்லைச் சொன்னார்.
கோபமாகச் சொல்லவில்லை.
செடியின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அடைக்கப்பன் சிரித்த முகமாய் வந்து நின்றார்.
'ஐயா என்ன சொல்றாக?'
'தூண் நல்லாருக்காம்.'
'பின்னே? நம்ம பழமையில்ல' என்று
மறுபக்கத்தைத் தட்டிக் கொடுத்தார்.

கடைசி பஸ்ஸில் கூட்டமில்லை.
அந்தச் சொல் என்னோடு வந்தது.
தமிழில் அதற்குச் சரியான சொல் தெரியும் எனக்கு.
பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம்,
வேறு ஆட்களுக்காக.