இன்றைய நீர்மட்டம்

மலைக்கு வயது கேட்டால் கோடியில் சொல்வார்கள்.
பார்த்தாங் பள்ளத்தாக்கில் கேட்டுப்பாருங்கள்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று,
பிப்ரவரி, இரவு.

அன்று பாமீரின் ஒரு சரிவு
புரண்டு படுத்தது.
உசோய் என்ற ஊர் அதற்கு அடியில்.
முர்காப் ஆறு வந்து முட்டிப் பார்த்தது,
வழியில்லை என்றதும்
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
மெல்ல ஏறி சாரெஸ் ஊரையும் குடித்தது.

முழுகிய ஊரின் பெயர் ஏரிக்கு.
புதைந்த ஊரின் பெயர் அணைக்கு.
கீழே உயிரோடிருக்கும் ஊர்களுக்கு
லேசான தூக்கம்.

அதற்கும் முன்னால்
இந்தப் பக்கம் குளிர்காயக்கூட வராத இரண்டு பேரரசுகள்
பாஞ்ச் ஆற்றைக் கோடாக்கிக் கொண்டன.
அக்கரையில் பெண் கொடுத்தவர்கள்
அவளைக் கைதட்டிக் கூப்பிடப் பழகினார்கள்.
பிறகு லாரிகள் வந்தன,
பஞ்சு பறிக்க ஆள் ஏற்றிக்கொண்டு போயின.
சமவெளி வெயில் தின்றது போக
மிஞ்சிய சிலர் நடந்தே திரும்பினார்கள்
இந்த ஏரிக்குக் கீழேயே.

நான் இமோம்தோத். அணைமேல் அளவுகாரன்.
கடலைக் கண்டதில்லை,
ஆனாலும் கடலிலிருந்துதான் அளக்கிறேன்:
மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர்,
அப்புறம் சென்டிமீட்டர்.
காலை ஏழுக்கு அதை வானொலிப் பெட்டியில் சொல்வேன்.
அதைக் கேட்டபிறகே பர்சிதிவில்
என் மனைவி சவ்சன் அடுப்பு மூட்டுவாள்.

போன ஏப்ரலில் பேட்டரி செத்தது.
மூன்று காலை
எண்ணைக் காற்றிடம் சொன்னேன்.
நான்காம் நாள் இறங்கி நடந்தேன்.

ஊரில் ஈ காக்கை இல்லை.
பானையில் ஆடை கட்டிய பால் தேநீர்.
தொட்டில் அவிழ்த்த கயிறு.
என் செருப்பு கூட, அந்தப் பழையது,
காணோம்.

நிமிர்ந்தேன்.
மேலே, தப்பிக்கவென்று வெள்ளையடித்துக் குறித்த திட்டில்
மெத்தை, கழுதை, மாவு மூட்டை,
பள்ளிக்கூட மணி,
முழு ஊரும் உட்கார்ந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையைக் குவித்துக் கத்தினேன்:
"ஏறவில்லை! ஒரு விரல் குறைந்திருக்கிறது!"

சொல் மேலே போய்ச் சேர நேரமாயிற்று.
குஞ்சு குளுவான்கள் கூட எழவில்லை.
சவ்சன்தான் விளிம்புக்கு வந்தாள்.

"அது நீ பார்த்தபோது.
நீ இங்கே நிற்கிறாய்.
இப்போது அங்கே
யார் பார்க்கிறார்கள்?"