ஒட்டும் உறவும்

புர்னோ நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
ஜூன் மாதம், பதினொரு மணி வண்டியில்
என் சட்டைப் பையில் ஒரு மாத்திரைக் குப்பி.
அதற்குள் மஞ்சள் தூள்,
டிக்கெட் வாங்காத பயணி.

ஒரு முனையில் ட்ராஹோமீரா.
மறுமுனையில் க்வெதோஸ்லாவ்.
பதினாறு வருடம் ஒரே கண்ணாடிக் குடிலில்
ஒரே கரி அடுப்புக்கு முறைவைத்து எழுந்தவர்கள்.
விவாகரத்தில் நீதிபதி
கார், தையல் இயந்திரம், பனிச்சறுக்குக் கட்டை வரை பிரித்தார்.
கள்ளிகளை அவர்களே பிரித்துக்கொண்டார்கள்,
எனக்கொன்று உனக்கொன்று, சீட்டுப் போடுவதுபோல.

அதில்தான் வந்தது வினை.
முள்ளே இல்லாத அந்த ஆஸ்ட்ரோஃபைட்டம்,
எட்டாய் வகுந்த உருண்டை,
மேலே மாவு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளி,
தன் தூளைத் தான் ஏற்காது.
தனியே பூத்தால் வெறும் பூ.
வேற்றுச் செடியின் தூள் வந்து விழுந்தால்தான் காய்.
புள்ளி நெருக்கமானது அவளிடம்,
தோல் வெறுமையானது அவனிடம்.
இருவருக்கும் இப்போது
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
தூள் மட்டும் போய்வர வேண்டும்.

குப்பியைத் தரும்போது அவள் சொல்வாள்:
"தூரிகையைக் கழுவச் சொல்.
போன வருடம் எறும்பின் கால் ஒன்று இருந்தது."
வாங்கும்போது அவன் கேட்பான்: "எத்தனை பூ?"
அவ்வளவுதான்.
ஒருமுறை மட்டும்,
"வடக்குப் பக்கக் கண்ணாடியை மாற்றினாளா?"
நான் மணியடித்துக் கிளம்பினேன்.
அது என் தடத்தில் இல்லாத நிறுத்தம்.

ஆகஸ்டில் காய் வெடிக்கும்.
படகின் வயிறுபோல் குழிந்த பழுப்பு விதைகளை
ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணுவான்.
சரிபாதி அவளுக்கு. ஒற்றைப்படை வந்தால்
மிச்சம் ஒன்று எனக்கு, கூலி.

ஏழு வருடத்தில் மூன்று விதை.
இரண்டு அழுகின. எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை.
மூன்றாவதைத் தயிர்க் கிண்ணத்து மணலில் வைத்து
பிளாஸ்டிக் பைக்குள் மூடி, பிப்ரவரியில், ஹீட்டர் மேல்.
நான்காம் நாள் முளைத்தது.
பச்சை இல்லை. துளிப் பச்சைகூட இல்லை.
முட்டைக் கருவின் மஞ்சள், மிளகுக்கும் சிறிது.

தொலைபேசியில் அவள்: "அது பச்சையம் இல்லாத பிள்ளை.
விதை கட்டிக்கொடுத்த சோறு பத்து நாள் வரும்.
பிறகு வேறொன்றின் தோளில் ஏற்றாவிட்டால் போச்சு."
கொஞ்சம் பொறுத்து, "தோள் அவனிடம் இருக்கிறது."
அவனிடம் கேட்டேன்.
இலைவிடும் ஒல்லிக் கள்ளி, பென்சில் பருமன்,
ஜன்னல்தோறும் வைத்திருக்கிறான்.
"செடி தருகிறேன். வெட்டமாட்டேன். கை ஆடுகிறது."

ஞாயிறு. என் சமையலறை.
அவளுக்கு நாலு மணி, அவனுக்கு ஐந்து என்று சொல்லியிருந்தேன்.
அவன் வண்டி சீக்கிரம் வந்துவிட்டது.
அன்று ஓட்டியது நான் அல்ல.

பிளம் சாராயத்தில் பிளேடைத் துடைத்தாள்.
மிச்சத்தை யாரும் குடிக்கவில்லை.
ஒல்லிக் கள்ளியின் தலை போனது.
வெட்டில் ஈரம் வட்டமாய் மினுங்கியது.
மஞ்சளின் அடியைச் சீவி வைக்க வேண்டும்:
வளையத்தின்மேல் வளையம்.
முழுதும் பொருந்த வேண்டாம்,
எங்காவது ஓரிடத்தில் தொட்டால் போதும்.
ஆடும் கையை மேஜையோடு அழுத்தி
அவன் தண்டைப் பிடித்தான்.
"இன்னும் இடப்பக்கம்."
"இவ்வளவா?"
"ம்."
அவர்கள் பேசி நான் கேட்டது அதுதான்.

கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடினோம்.
தம்ளர் வியர்த்தது.
வெவ்வேறு வண்டியில் போனார்கள், எட்டு நிமிட இடைவெளியில்.
அட்டவணை எனக்கு மனப்பாடம்.

பன்னிரண்டாம் நாள் தம்ளரை எடுத்தேன்.
ஒட்டு பிடித்திருந்தது.
இருவருக்கும் தனித்தனியே சொன்னேன்.

இப்போது அது எலுமிச்சை அளவு.
யாருடைய பச்சையையோ தின்று பளபளக்கிறது.
கீழே தண்டு விடாமல் துளிர்க்கிறது,
வாரம் ஒருமுறை கிள்ளுகிறேன்.
விட்டால், மேலிருப்பதை மறந்து தன்பாட்டுக்கு வளரும்.

சென்ற வாரம் உச்சியில் ஒரு கம்பளி முடிச்சு.
மொட்டுதான்.
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
இரண்டு குப்பிகளைக் கொதிநீரில் கழுவி
துணிமேல் கவிழ்த்திருக்கிறேன்.