ஒன்றரைக் குடம்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
கால் மணி நேரம் என்னுடையது.
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

ஹவுசிங் போர்டு, இ பிளாக், மூன்றாவது மாடி.
லிஃப்டுக்கு விட்ட குழியில் குப்பை நிற்கிறது.
தோளில் வைத்து ஏறினேன்.
ரமணம்மாவிடம் மீன் தராசு உண்டு,
காசிமேட்டிலிருந்து வந்தது, செதில் இன்னும் ஒட்டியிருக்கிறது.
கொக்கியில் மாட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.
இருபத்தொன்பதரை. இரும்பு போக பதினாலு இருநூறு.
சரியாக இருந்தது, அதனால் கோபம் கூடியது.

"போன வாட்டி இருவத்தியாறு நாள்ல தீந்துபூட்ச்சு.
எங்கதான் போவுது உன் கேஸு?"

எரிஞ்சு போச்சு என்பது பதில் இல்லை.
வேதியியலில் எனக்கு இரண்டு அரியர்.
இந்தக் கேள்வி மட்டும் எந்த வருஷமும் வரவில்லை.

முழுக்க பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம்.
கார்பன் நாலு, ஹைட்ரஜன் பத்து,
ஒரு மோல் ஐம்பத்தெட்டு கிராம்.
எரிந்தால் நாலு கார்பன் டை ஆக்சைடு, நூற்று எழுபத்தாறு;
ஐந்து தண்ணீர், தொண்ணூறு.
ஆக்சிஜன் ஆறரை வரும்.
பாதி மூலக்கூறு கிடையாது,
எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும் என்பார்கள்.
எனக்கு ஆறரையே போதும்.
அரை பாக்கி வைக்காத கணக்கு
எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை.

பதினாலு இருநூறை ஐம்பத்தெட்டால் வகுத்து
நூற்று எழுபத்தாறால் பெருக்கினால்
நாற்பத்து மூன்று கிலோ, கண்ணுக்குத் தெரியாமல்.
தொண்ணூறால் பெருக்கினால் இருபத்திரண்டு கிலோ.
கூட்டினால் அறுபத்தைந்து.

நான் தூக்கியது பதினாலு.
மிச்சம் ஐம்பத்தொரு கிலோவை
எவன் ஏற்றினான் மூன்று மாடி?

காற்று.
மணலி நாற்றம், லாரி டீசல், கருவாடு
எல்லாவற்றையும் சுமந்துகொண்டே அதையும் சுமந்து,
தினம் கொஞ்சம்,
படியில் நின்று மூச்சு வாங்காமல்,
பத்து ரூபாய்க்குத் தலையைச் சொறியாமல்.

இதையெல்லாம் சொன்னேன்.
அவள் காதில் ஒன்றுதான் விழுந்தது.
"தண்ணி எவ்ளோன்ன?"
"இருபத்திரண்டு லிட்டர்."
"ஒன்னரைக் கொடம்."
எனக்கு முன்னால் வகுத்துவிட்டாள்.

அடுப்புக்கு மேல் சுவரைப் பார்த்தாள்.
பெயிண்ட் உப்பி, காலண்டர் சுருண்டு,
ஜூன் மாதத்தில் பூஞ்சை.
"லாரிக்கு மூணு மணிக்கே கொடத்த வெச்சிட்டு நிக்கறேன்.
இங்க ஒன்னரைக் கொடம்
செவுத்துக்கு ஊத்தினு இருக்கனா நானு?"

பதில் சொல்லவில்லை.
ஆவியைப் பிடிக்கிற குடம்
இதுவரை எந்தக் கடையிலும் தொங்கவில்லை.

அப்புறம் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.
அடியில் கரி, விரல் கனம்.
"இது எந்தக் கணக்குல வருது?"

காற்று போதாத கார்பன், அக்கா.
ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி எஃப் பிளாக் சுவர்.
சமன்பாட்டில் அந்தச் சுவர் இல்லை.
நான் எழுதியதில் அம்புக்குறிக்கு வலப்பக்கம்
இவ்வளவு கறுப்புக்கு இடம் விடவில்லை.

கரி விரலோடே கையெழுத்துப் போட்டாள்.
பேனாவை விட விரல்தான் நன்றாகப் பதிந்தது.
ஆபீசில் கேட்பார்கள்.

காலி சிலிண்டர், பதினைந்து முந்நூறு, இறங்கும்போது
படியெல்லாம் மணியடித்தது.

இப்போது கேட்டில் சரக்கு ரயில்.
டேங்கர்களை எண்ணினேன், நாற்பத்தெட்டு.
ஒவ்வொன்றையும் குடமாக மாற்றிக்கொண்டு வந்தேன்.
ஆறாவதில்
பின்னால் ஆட்டோ ஹாரன்.