அவ்வளவுதானா

இபாடானில் ஹர்மட்டான் காற்று இறங்கிய வாரம்.
மொகோலா மேம்பாலம் பாதியில் கரைந்திருந்தது,
மங்கல் படர்ந்த நுரையீரலில்
நாளங்கள் தெரிந்தும் தெரியாமலும் நிற்குமே, அப்படி.
இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும்
மனசுக்குள் ரிப்போர்ட் எழுதுகிறேன்.

தேர்வுக்குப் பதினோரு நாள்.
ஏற்கெனவே இரண்டு முறை தவறியவள் நான்.
எபியேரே படங்களைத் தள்ளுகிறாள், கையில்
அவள் மகனின் நீச்சல் ஸ்டாப்வாட்ச்.
ஒரு படத்துக்கு எழுபது நொடி.

"ஆண், முப்பத்திரண்டு, பைக்கிலிருந்து விழுந்தவர்."

காறை எலும்பு முறிவு, என்றேன்,
நடுவில், ஒரு விரல் விலகி.
பத்தொன்பது நொடியிலேயே சொல்லிவிட்டேன்.
அவள் அடுத்த படத்துக்குப் போகவில்லை.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.

பேனா நுனி மெல்ல மேலேறி
நுரையீரலின் உச்சியில் நின்றது.
மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு,
அதற்கப்பால் வெறும் கறுப்பு:
காற்று, இருக்கக்கூடாத இடத்தில்.
"கண்டது ஒன்று, கொன்றது இன்னொன்று.
உன் ஆள் போய்விட்டார், டாக்டர்" என்று
கடலைத் தோலை ஊதினாள்.

ஒன்று கிடைத்ததும் கண் உட்கார்ந்துகொள்கிறது,
மீதிச் சில்லறை சரியாக இருந்ததில் மகிழ்ந்து
தக்காளியைப் புரட்டிப் பார்க்காமல்
வாங்கி வருகிறவள் மாதிரி.

கரண்ட் போனது. கிளம்பினேன்.
வழியெல்லாம் மனப்பாடம்:
உச்சி, இதயத்தின் பின்புறம்,
உதரவிதானத்தின் கீழ்,
கடைசியாகப் படத்தின் நான்கு ஓரம்.
உச்சி, இதயத்தின் பின்புறம்.

வீட்டில் ஃபொலாரின் மெழுகுவத்தி வெளிச்சத்தில்
அமலாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
மூன்று வாரமாக அதிகம் பேசுவதில்லை.
காரணம் எனக்குத் தெரியும்:
கல்லூரியில் சம்பளம் போடவில்லை.
தெரிந்துகொண்டு, படத்தை மூடிவிட்டு,
என் புத்தகங்களுக்குத் திரும்பியிருந்தேன்.

இன்று ஓரங்களைப் பார்த்தேன்.
கதவோரம் அவன் கறுப்பு ஷூ.
மேலே தூசி. அது ஊருக்கே உண்டு.
குனிந்து மெழுகுவத்தியைப் பிடித்தேன்:
உள்ளேயும், குதிகால் அழுந்தும் இடத்தில்,
யார் காலும் கலைக்காத மெல்லிய தூசி.
ஆறு மணிக்கே நான் கிளம்பிவிடுகிற காலைகளில்
அவன் எங்கும் போவதில்லை.

"என்ன தேடுகிறாய்?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தது.
கையிலிருந்த ஷூவைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"சம்பளம் வரவில்லை, மோரெனிகே. தெரியுமே உனக்கு."

மெழுகு விரலில் சொட்டிற்று.
எழுபது நொடி ஆகியிருக்கும், அதற்கு மேலும் கூட.

அவ்வளவுதானா, என்றேன்.