முப்பத்தைந்தில் ஒரு பங்கு

பகலில் துருவைக் கொல்கிறவள் நான்.
ஒஸ்ட்ராவா டிராம் பணிமனை, மூன்றாம் கொட்டகை.
கதவோரம் குமிழ்விட்ட பெயிண்டைச் சுரண்டி
மக்கு வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நீலம் அடித்து
நேற்றுப் பிறந்ததுபோல் தண்டவாளத்துக்கு அனுப்புவேன்.

இரவில் துரு வளர்க்கிறேன்.

சமையல் மேசையில் ஒரு டாங்கி,
என் கையகலத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
முதலில் துருவின் நிறத்தை முழுக்க அடிக்க வேண்டும்,
காப்பிச் சக்கைக்கும் காய்ந்த ரத்தத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று.
அதன்மேல் ஹேர்ஸ்பிரே, இரண்டு பூச்சு.
"யாருக்கு?" என்று கேட்ட கடைக்காரி
ஒட்ட வெட்டிய என் தலையைப் பார்த்தாள்.
"டாங்கிக்கு" என்றேன்.
மீதிச் சில்லறை மெதுவாக வந்தது.
அதன்மேல் பச்சை.
இருபது நிமிடம். அதற்குமேல் காயவிட்டால் முரண்டு பிடிக்கும்.
பிறகு வெந்நீர், தேய்ந்த பல் பிரஷ்.
தடவு, தட்டு, பொறு.
பச்சை தானாகப் பிடி தளர்த்தும் கணம் ஒன்று உண்டு.
கைக்கு முன்னால் மூச்சு அதை அறிந்து நின்றுவிடும்.

நிறுத்தத் தெரிந்தவர்கள் அங்கே நிறுத்துவார்கள்.
நானோ ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பெயிண்டில் ஒற்றி
விளிம்பெல்லாம் புள்ளி வைத்தேன்.
புகைப்போக்கியின் கீழ் ஆரஞ்சுக் கோடுகள் இறக்கினேன்.
விடிய இரண்டு மணிக்கு அது
குளத்தில் கிடந்து எடுத்ததுபோல் இருந்தது.
அவ்வளவு அழகு.

ஒலொமௌட்சில் போட்டி, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம்,
எங்கும் வறுத்த சாசேஜ் வாசனை.
நடுவர் ஸ்தெபான்கா ஹ்ரூபா
வாரநாளில் பல்செட் கட்டுகிறவள்.
நெற்றிவிளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.
"நல்ல துரு" என்றாள்.
பூரித்துப்போனேன்.
"ஆனால் நீங்களே சீட்டில் எழுதியிருக்கிறீர்கள்,
மார்ச்சில் ஆலையைவிட்டு வந்தது,
ஏப்ரல் முடிவதற்குள் எரிந்தது என்று.
ஆறு வாரத்தில் எப்படி இவ்வளவு துரு?"
விளக்கை அணைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

திரும்பும் ரயிலில்
செருப்புப் பெட்டிக்குள் டாங்கி, மடிமேல் பெட்டி.
ப்ரெரோவ் தாண்டியதும்தான் உறைத்தது:
உள்ளே ஐந்து பேர்.
அவர்களுக்கு நான்
இருபது வருஷம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

உடனே பறிக்க மனம் வரவில்லை.
ஒரு வாரம் அலமாரியில் கிடந்தது.

பிறகு பச்சை, முழுதும், ஆலைப் பச்சை.
ஆறு வாரம் எவ்வளவு என்று
பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.
நாளுக்கு நாலு முறை ஏறுவார்கள், நாலு முறை இறங்குவார்கள்.
பூட்ஸ் ஆணி.
ஏறும்போது எல்லோருமே வலது காலை
முதலில் வைப்பார்களா?
ஒருவனை இடதுகாலன் ஆக்கினேன்.
மூடியின் விளிம்பில், மேலேறக் கை பற்றும் இடத்தில்
பென்சில் கரியை விரலால் தேய்த்தேன்,
இரும்பு மினுங்கியது, அவ்வளவுதான்.
சக்கரத்தில் சேறு. சேற்றுக்கு ஒரு மழை போதும்.
துரு எங்கும் இல்லை.
பார்க்கப் புதுசாக இருந்தது.
பார்க்க முடியாமலும் இருந்தது.

திங்கட்கிழமை எட்டாம் எண் டிராம் உள்ளே வந்தது.
நடுக்கதவின் கைப்பிடிக் கம்பி,
மஞ்சள் பெயிண்ட் போய், அடியில் சாம்பல், அதற்கும் அடியில் வெறும் உலோகம்.
ஒரு உள்ளங்கை உயரத்துக்கு மட்டும்.
அதற்குக் கீழே, இடுப்பளவில், இன்னொரு சின்னத் தேய்வு,
பிள்ளைகள் பிடிப்பது.
விரல் வைத்து அளந்தேன்.
போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு மறைப்பு நாடாவை ஒட்டி
மஞ்சள் அடித்தேன்.
பணிச்சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது.