நாற்பது

அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருந்தது.
முழங்கை எவ்வளவு மடங்கும் என்று பார்க்க
பிளாஸ்டிக் கோணமானி.
காதுக்கு ஒரு பெட்டி.
கண்ணுக்குச் சுவரில் எழுத்து,
மேலே யானை மாதிரி, கீழே எறும்பு மாதிரி.
நாற்பது சதவீதம் வந்தால் அட்டை.
அட்டை வந்தால் மாதப் பணம்.
முப்பத்தெட்டு வந்தவர் ஒருவர்
புங்கமரத்தடியில் உட்கார்ந்து
இரண்டைக் கடன் கேட்க ஆளில்லாமல்
பீடியைப் பற்றவைத்தார்.

எனக்கு முன்னால் நின்ற பையன் எல்லப்பன்,
பர்கூர்ப் பக்கம் கல் அறுக்கிறவன்.
வலது கையில் மூன்று விரல் இல்லை.
"உங்களுக்கு என்னக்கா?"
சொன்னேன்.
முடி பிரித்துத் தேடுகிறவன்போல
என் தலையை ஒரு சுற்றுப் பார்த்தான்.
"இல்லாததைக் காட்றது சுலபம்க்கா,
இருக்கறத எப்படிக் காட்டுவீங்க?"

பையில் காலண்டர் இருந்தது,
காவேரிப்பட்டணம் நகைக்கடையில் கொடுத்தது.
வலி வந்த நாளுக்கெல்லாம்
குங்குமத்தால் பொட்டு வைத்திருந்தேன்.
பேனா தேட அந்நேரம் கண் திறக்காது.
மே மாதம் பதினொன்று.
ஜூனில் பத்தொன்பது.
ஜூனில்தான் பெங்களூரா பழுத்து
லாரி லாரியாய் ஃபேக்டரி வாசலில் நிற்கும்.
கூழ் காய்ச்சும் வாசனைக்கு
ஊரே எச்சில் விழுங்கும்.
என் இடது கண்ணுக்குப் பின்னால்
திருப்புளி ஒன்று திரும்பத் தொடங்கும்.

முதலில் ஒளி வரும்.
ஓரத்தில் பல் வைத்த ஒளி,
எல்லப்பனின் சக்கரம்போலச் சுற்றும்.
அரை மணி நேரம் கெடு.
அதற்குள் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே
என் இடத்துக்குப் போய்விட வேண்டும்.
ஈரத்துண்டு. வாந்திக்கு ஒரு போசி.
மகள் அன்றைக்குக் குக்கரைத் தொடமாட்டாள்,
பானையில் வடிப்பாள்.

ஆறாவது தடவை லைனில் விழுந்தபோது
சூப்பர்வைசர் கணக்கை முடித்தார்.
"தலைவலி யாருக்குத்தாம்மா இல்ல?"
அது போன வருஷம்.
இப்போது நான் ஃபேக்டரிக்குப் போவதில்லை,
வாசனை வீட்டுக்கு வருகிறது.

முகாம் நாளன்று பாருங்கள்,
மூன்று வாரம் விடாமல் வந்த சனியன்
லீவு போட்டுவிட்டது.
காலையில் தலை
கழுவிக் கவிழ்த்த சொம்பு மாதிரி இருந்தது.
வெறும் வயிற்றோடு போனேன்.
வெயிலில் நின்றேன்.
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பழக்கூடைக்குப் பக்கத்தில்
மூச்சை இழுத்து இழுத்து விட்டேன்.
பதினான்கு வருஷத்தில் முதல் தடவை
அதை வா என்று கூப்பிட்டேன்.

"முனிரத்னா, கணவர் திம்மராஜ்!"

சின்ன வயசு டாக்டர்.
காலண்டரைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.
விரலில் ஒட்டிய குங்குமத்தை
மேசை விளிம்பில் தேய்த்தார்.
"இப்ப வலிக்குதா?"
"இல்லைங்க."
உண்மை சொன்னதற்காக
என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.
ஸ்கேன் படத்தை ஜன்னலில் பிடித்தார்.
சுத்தமா இருக்கும்மா, நல்ல மூளை.
பிறகு பட்டியலைப் புரட்டினார்,
நரம்பு என்ற இடத்தில் விரல் நின்றது,
கீழே போனது, மேலே வந்தது.
"எத்தனை சதவீதம்னு எதை வச்சு எழுதறது?"
என்னைக் கேட்கவில்லை.
இருந்தாலும் சொன்னேன்:
"முப்பது நாளுக்குப் பத்தொன்பது.
எட்டாவது வரைக்கும் படிச்சேன் சார்.
அறுபத்து மூணு வருது."
சிரித்துவிட்டார்.
சிரித்திருக்கக் கூடாது என்று பட்டதோ என்னவோ,
தலை நிமிராமல்
மேல் பரிசீலனைக்கு என்று எழுதி
சீல் குத்தினார், இரண்டு இடத்தில்.

திரும்பும் பஸ்.
அவதானப்பட்டி ஏரி தெரிந்தபோது
தண்ணீரில் ஒரு பல் முளைத்தது.
வெயில் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இரண்டு. மூன்று.
நிறுத்துங்க, திரும்பிப் போகணும் என்று
கண்டக்டரிடம் வாயெடுத்தேன்.
மணி நாலரை.
நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள்.

முந்தானையைக் கண்ணில் சுற்றிக்கொண்டேன்.
பக்கத்து சீட்டுக்காரி
ஒன்றும் கேட்காமல் ஷட்டரை இறக்கினாள்.
மடியில் காலண்டர்.
இன்றைய கட்டத்தை விரலால் எண்ணித் தேடினேன்,
ஆணியிலிருந்து நாலாவது வரிசை.
குங்குமச் சிமிழ் வீட்டில்.
நெற்றியில் இருந்ததைத் தொட்டு
வைத்தேன்.