இல்லீகல்

குலசேகரம் ரப்பர் சங்கத்தில்
திங்கட்கிழமை பால் கணக்கு திறக்கவில்லை.
கறுப்புத் திரையில் ஒரே வரி:
இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.
பிறகு கர்சர்,
ஒன்றும் நடக்காததுபோல் மினுங்கிக்கொண்டு.

"போலீஸ் வருமா?" என்கிறார் புஷ்பபாய்.
"காசு குடுத்து வாங்கினதாக்கும். பில்லு இருக்கு."
பில்லை எடுத்து மேசையில் விரித்தும் வைக்கிறார்.

மூன்று தடவை அழித்துப் போட்டேன்.
மெமரியைக் கழற்றி
அதன் பொன்பற்களை ரப்பரால் தேய்த்தேன்.
ரப்பர் ஊரில் அழிரப்பர் கேட்டு
இரண்டு கடை ஏற வேண்டியிருந்தது.
வைரஸ் என்றேன். வோல்டேஜ் என்றேன்.
வெளியே மழை, வெட்டு இல்லை.
வெட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர்
குடையை மடக்காமல் வாசலில் நின்றார்கள்,
போன வாரக் கூலிக்கு.

மூன்றரை மணிக்குத்தான்
லாக் பார்க்கத் தோன்றியது.
எத்தனையோ வரிக்கு அடியில்: இன்வேலிட் ஆப்கோடு.
புரொசசரிடமே கேட்டேன்,
உனக்கு என்னென்ன தெரியும்?
மூச்சுவிடாமல் ஒப்பித்தது:
எம்எம்எக்ஸ், எஸ்எஸ்இ, எஸ்எஸ்இ டூ,
எஸ்எஸ்இ ஃபோர் ஒன்று, ஃபோர் இரண்டு.
தேடிப் பார்த்தேன், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
ஏவிஎக்ஸ் இல்லை.

பழசுமில்லை.
ஐந்து வருடம் முன்புதான் பெட்டி பிரித்தது.
விலை குறைக்க
அந்தச் சொல்லை மட்டும் அடைத்து விற்றிருக்கிறார்கள்.
பெங்களூரில் எவனோ
தன் மெஷின் பேசும் பேச்சிலேயே
புதுப் பதிப்பைக் கட்டி அனுப்பிவிட்டான்.
அவனுக்கு ஓடியது.

எனக்கும் நடந்திருக்கிறது.
சென்னையில் முதல் வேலை, முதல் வாரம்.
டீம் லீடர் தன் டிசைனைக் காட்டி
எப்படி இருக்கு என்றார்.
கொள்ளாம் என்றேன், மனசார.
கொல்வதா, கொள்ளாததா,
எதுவென்று தெரியாமல் அவர் முகம்
இந்தத் திரைபோல நின்றது.
நான் சொன்னதில் தப்பில்லை.
அவர் காதிலும் தப்பில்லை.

மூன்று போனுக்குப் பிறகு
இரவு எட்டுக்கு சோர்ஸ் வந்தது.
பில்டில் ஒரு வரியை மாற்றினேன்:
எல்லா மெஷினுக்கும் தெரிந்த பேச்சு போதும்.
எட்டு வாளிப் பாலை ஒரே தூக்கில் தூக்க வேண்டாம்.
நாலு வாளி.
திரும்பி வந்து இன்னும் நாலு.
பாதியில் கரண்ட் போனது.
முதலிலிருந்து.

காலையில் புஷ்பபாய் குடை உதறி வந்தபோது
கணக்கு ஓடிக்கொண்டிருந்தது,
மூன்று நொடி வேலைக்கு ஐந்து நொடி.
கடைசி எண் அவர் நோட்டில் கூட்டி வைத்த அதே எண்,
பைசா மாறாமல்.
விரல் வைத்து இரண்டு தடவை பார்த்தார்.
"கொள்ளாம்."

எனக்கு உடனே புரிந்தது.

அடுத்த அப்டேட்டில் மறுபடி விழும்.
மாஸ்கிங் டேப் கிழித்து
பெட்டியின் நெற்றியில் எழுதி ஒட்டினேன்:
இதற்கு ஏவிஎக்ஸ் தெரியாது.
கேட்க வேண்டாம்.